ஹீட்டர் விசேஷம்

குளியலறையில் பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு அதன்மேல் ஏறி, ஹீட்டரின் வயிற்றோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு நின்றாள் பிரசீதா. சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு உள்ளே எங்கேயோ ஒரு சின்ன உருளல், தகர டப்பாவில் கூழாங்கல் போட்டு மெல்ல ஆட்டினால் வருகிற சத்தம். நேற்றைவிட இன்று கொஞ்சம் கூடுதல்தான். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் ஒரு சாமான் கெட்டுப்போவதற்காகச் சந்தோஷப்படுகிற பொம்பளை இந்தக் காரோடு ஊர்ப் பஞ்சாயத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று நினைத்துச் சிரித்தபடி ஸ்டூலை விட்டு இறங்கினாள். அனூஜ் கூப்பிடும்போது சொல்வதற்கு இன்றைக்கு விஷயம் உண்டு.

அனூஜ் அவள் புருஷன். மஸ்கட்டில் ஒரு மெயின்டெனன்ஸ் கம்பெனியில் வேலை. பிளாட் பிளாட்டாகப் போய் ஏ.சி.யும் ஹீட்டரும் சரிசெய்து கொடுப்பான். கல்யாணம் முடிந்து இரண்டு மாதம் அவளோடு இருந்துவிட்டுப் போனவன், பிறகு ஒரே ஒரு லீவுக்கு வந்தான். அந்த லீவில்தான் நெய்யாற்றின்கரைக்குப் போய் இந்த ஹீட்டரை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து, தானே சுவரைத் துளைத்து மாட்டினான். அம்மாவுக்கு முட்டுவலி, அதற்காக என்று சொன்னான். அது பொய்யில்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் காலையில், மாமியார் சரசம்மாவுக்காகக் காய்ச்சிய தண்ணீர் அண்டாவை அடுப்படியிலிருந்து தூக்கிக்கொண்டு போகும்போது பிரசீதாவின் காலில் சூடுதண்ணீர் சிந்தியிருந்தது. அவன் அதைப் பார்த்தான், ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஹீட்டர் வந்து இறங்கியது. அன்பைச் சொல்லத் தெரியாது, செய்யத்தான் தெரியும், அப்படி ஒரு ஆள். அந்த ஆளின் கையைக் கடலுக்கு அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, வாயை மட்டும் போனில் வைத்துக்கொண்டு அவள் என்னதான் செய்ய முடியும்?

அவனுடைய மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் கூப்பிடுவான். இங்கே அப்போது வெயில் மேற்கே சாயத் தொடங்கியிருக்கும். பிரசீதா காலையில் பால் சொசைட்டியில் பாலளந்துவிட்டு வந்து, சமையலை முடித்து, சாயங்காலப் பாலுக்குத் திரும்பிப் போகும் முன்னால் கிடைக்கிற இடைவெளி அது. முன்பெல்லாம் அந்த நேரம் போதாமல் இருந்தது. ஓணத்துக்கு வருவேன் என்று அவன் சொல்லி, கம்பெனி புது கான்ட்ராக்ட் எடுத்ததால் லீவு தள்ளிப்போனது. பிறகு விஷுவுக்கு என்றான், அதுவும் தள்ளிப்போனது. அன்று அவள் போனில் அழுதுவிட்டாள். அவன், வச்சிரட்டா என்று கேட்டு வைத்துவிட்டான். அதற்குப் பிறகு எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்பதில்லை, அவனும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. ஆனால் அதை ஒதுக்கிவைத்துவிட்டுப் பேச உட்கார்ந்தால் மற்ற எல்லாப் பேச்சும் அதில் போய்த்தான் முட்டியது. பலாமரம் காய்த்திருக்கிறது என்று சொன்னால், பழுக்கும்போது யார் வெட்டுவது என்று வரும். மழை தொடங்கியது என்றால், பின்பக்கத்துக் கூரையில் உடைந்த ஓடுகளை மாற்ற ஆள் வேண்டும் என்று வரும். ஆகவே இரண்டு பேரும் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். நீங்க?"

"இனித்தான். அம்மை?"

"கெடக்காவ."

"செரி அப்பம்."

இவ்வளவுதான். வைத்த பிறகு அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவனிடம் கோபம்கூட வரவில்லை. கோபமாவது வந்தால் சண்டை போடலாம். அவனுடைய குரல் வேண்டும் என்று மட்டும் இருந்தது, பசியைப் போல, நேரத்துக்கு நேரம்.

அப்படி ஒரு நாள், "செரி அப்பம்" என்று அவன் சொல்லிவிடுவானே என்ற அவசரத்தில், ஹீட்டரில் என்னவோ சத்தம் வருகிறது என்று சும்மா சொல்லிவைத்தாள்.

"என்ன சத்தம்?" என்றான் அனூஜ். அந்தக் கேள்வியில் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்தது இங்கே தெரிந்தது. "சுவிட்சு போட்ட உடனே வருதா, சூடான பெறவா? நிக்குதா, நிக்காம வருதா? போன அதுக்கிட்ட கொண்டு வையி. இரும்பில எங்கயும் தொடாத, பிளாஸ்டிக்கில வையி."

அவள் ஸ்டூலில் ஏறிப் போனை வைத்தாள். மஸ்கட்டில் ஒருவன் சோற்றுப் பொதியைப் பிரிக்காமல், காரோட்டில் ஒரு குளியலறைச் சுவரில் தொங்குகிற தொட்டியின் வயிற்றுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அது உப்பாக்கும்" என்றான் கடைசியில். "நம்ம போர்வெல் வெள்ளத்தில உப்பு கூடுதல் உண்டு. அது சூடாக்குத காயிலுக்க மேல படிஞ்சு கட்டியாவும். அந்தக் கட்டிக்கு அடியில மாட்டின வெள்ளம் கொதிச்சு, வெளிய வர வழியில்லாம முட்டும். அந்தச் சத்தம்."

"அப்பம் நம்ம வெள்ளம் உள்ள நின்னு கதவத் தட்டுதா?"

அனூஜ் சிரித்தான். ஸ்பீக்கரில் இருந்ததால் அந்தச் சிரிப்பு குளியலறை ஓடுகளில் மோதி வீடு முழுக்கக் கேட்டது. அன்றைக்குச் சாப்பாட்டு நேரம் முடிகிற வரைக்கும் பேசினான். மஸ்கட்டில் ஒரு பிளாட்டில் இருந்தவர்கள் இதே சத்தத்தைப் பேய் என்று நினைத்து வீட்டைக் காலி செய்யப் பார்த்த கதையைச் சொன்னான். பிரதீஷைக் கூப்பிட்டுக் காட்டு, கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும் என்றான். பிரதீஷ் அவனோடு ஐ.டி.ஐ.யில் படித்தவன், பாறசாலைப் பக்கம் வயரிங் வேலை எடுத்துச் செய்கிறான். கடைசியாக அனூஜ் சொன்னான், "நான் இருந்தா அரை மணிக்கூர் வேலையாக்கும்."

நான் இருந்தா. அந்த இரண்டு வார்த்தையைப் பிரசீதா சாயங்காலம் வரை வாய்க்குள் வைத்திருந்தாள். வெளியே வந்தபோது சரசம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அவன் சிரிக்கத கேட்டு எத்தனையோ நாளு ஆச்சு மக்கா" என்றாள். பிரதீஷின் நம்பர் போனில் இருந்தது. பிரசீதா விளிக்கவில்லை. நாளைக்கு விளிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தாள், சத்தியமாக.

அதன் பிறகு அவள் ஹீட்டரைப் பார்க்கிற விதமே மாறிவிட்டது. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தாய்க்காரி பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள். தண்ணீர் சூடாக முன்பைவிட நேரம் எடுக்கிறது என்று கண்டுபிடித்தாள். சூடான தண்ணீர் இரண்டு வாளி வருவதற்கு முன்னால் ஆறிவிடுகிறது என்று கண்டுபிடித்தாள். ஒருநாள் காலையில் குழாயைத் திறந்ததும் முதல் தண்ணீர் கட்டன்சாயா நிறத்தில் வந்தது. மத்தியானம் வரை அதைச் சொல்லாமல் வைத்திருக்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"சூடுகுழாயில மட்டுமா, பச்சவெள்ளக் குழாயிலயும் அந்த நெறம் உண்டா?" என்று கேட்டான் அனூஜ்.

"பச்சவெள்ளம் தெளிஞ்சுதான் வருது. நான் ரெண்டையும் கிளாசில பிடிச்சுப் பாத்தேன்."

"நீ கொள்ளாமே" என்றான் அவன். கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. "தொட்டிக்கு உள்ள ஒரு ராடு உண்டு. துரு தொட்டியத் தின்னாம இருக்கதுக்கு அந்த ராடு தன்னைத் தின்னக் குடுக்கும். கொஞ்ச நாளு கழிஞ்சா ராடு தீந்துபோவும். அத மாத்தல்லன்னா துரு பெறவு தொட்டியத்தான் பிடிக்கும். பிரதீஷு வந்தானா?"

"ஏதோ வீட்டு வேலையில மாட்டிக்கிட்டாவளாம். வாறேன்னு சொல்லியிருக்காவ."

பொய் சொல்ல அவளுக்கு அவ்வளவு சுலபமாக வரும் என்று அவளே நினைத்திருக்கவில்லை. அந்த ராடைப் பற்றிப் பால் அளக்கும்போதும் நினைத்தாள், பாத்திரம் தேய்க்கும்போதும் நினைத்தாள். ஒவ்வொரு நாளும் காலையில், இன்றைக்குப் புதிதாக ஏதாவது கெட்டிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டபடிதான் குளியலறைக் கதவைத் திறந்தாள். ஒன்றும் மாறாத நாட்களில் அவளுக்கு முகம் விழுந்துபோகும்.

தொட்டியின் அடியில் சொட்டு விழத் தொடங்கியது. அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரை அடியில் வைத்தாள். மேலே வால்விலிருந்து சொட்டுகிறதா, அடித் தையலிலிருந்தா என்று அனூஜ் கேட்டான். அடியிலிருந்துதான் என்று அவள் சொன்னாள்.

"அது நல்ல லட்சணமில்ல பிரசீ" என்றான். "பிரதீஷ இன்னைக்கே வரச்சொல்லு. ஒண்ணு சொல்லுகேன், நல்லா கேளு. குழாயப் பிடிக்கும்போ கை தரிச்சா, அதாவது ஒரு கூச்சம்போல எறும்பு ஊருனாப்போல இருந்தா, பெறவு ஒண்ணும் யோசிக்கப்பிடாது. மெயின ஆஃப் ஆக்கிரு. ஆரும் குளிக்கப் போவப்பிடாது. கரண்டு வெள்ளத்தில கலந்தாச்சுன்னு அர்த்தம். ஆளு போயிரும்."

"செரி."

"என்ன செரி? திருப்பிச் சொல்லு."

அவள் பள்ளிக்கூடத்துப் பிள்ளையாகத் திருப்பிச் சொன்னாள். அவனுடைய குரலில் இருந்த அந்தப் பதற்றம், தன்னை நினைத்துப் பதறுகிற அந்தப் பதற்றம், அவளுக்கு எவ்வளவு இனித்தது என்றால், சொன்ன விஷயம் பாதிதான் மனசில் பதிந்தது. மறுநாள் பேச்சில் அவன் மறுபடி சிரித்தான், அவளும் சிரித்தாள். டம்ளர் நிறைவதற்கு எடுக்கிற நேரத்தை வைத்து ஏதோ கிண்டல். என்ன கிண்டல் என்றுகூட பிறகு ஞாபகமில்லை.

அதற்கடுத்த நாள் காலையில் சொசைட்டியிலிருந்து அவள் வந்தபோது, சரசம்மா தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குளித்திருக்கவில்லை. வலது கையை இடது கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"மக்கா, அந்தக் குழாயப் பிடிச்சா கை தரிக்குது கேட்டியா."

பிரசீதா பையைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். மீட்டர் பெட்டியைத் திறந்து மெயினை இறக்கினாள். அவசரத்தில் பெட்டியின் மூடி கையை விட்டு நழுவிச் சுவரில் மோதியது. திரும்பி வந்து சரசம்மாவின் கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு மட்டும்.

"இப்பமா மாமி? இப்பந்தானா தரிச்சுது?"

"நேத்தும் லேசா உண்டு."

"நேத்தா? நேத்து ஏன் சொல்லல்ல?"

சரசம்மா துண்டால் நெற்றி எண்ணெயைத் துடைத்தாள். "நீ போனில சிரிச்சிட்டு இருந்தியே. அவனும் சிரிச்சான். இத சொன்னா அந்த சாதனத்த எடுத்து மாத்திப்போடுவிய. பெறவு நீங்க ரெண்டாளும் என்னத்தப் பேச?"

பிரசீதா தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயசான ஒரு ஜீவன் ஈரக் கையோடு கரண்டைப் பிடித்துவிட்டு, மகன் சிரிக்கட்டும் என்று பேசாமல் இருந்திருக்கிறது. தான் மட்டும் என்ன, அதைத்தானே இத்தனை நாளும் செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தாள். மாமியின் முட்டில் நெற்றியை வைத்து அழுதாள். எண்ணெய் மணம். "சாரமில்ல மக்கா, எந்திரி, ஒண்ணும் ஆவல்லியே" என்று சரசம்மா அவளுடைய முதுகைத் தட்டினாள்.

பிரதீஷை விளிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மத்தியானத்துக்கு முன்னாலேயே பையோடு வந்துவிட்டான். கழற்றி இறக்கிப் பார்த்தபோது காயில் இருக்கிற இடமே தெரியாமல் உப்பு மூடியிருந்தது. ராடு இருந்த இடத்தில் ஒரு கம்பிதான் மிச்சம். தொட்டியின் அடித் தையல் விரல் பட்டதும் பொடிந்து உதிர்ந்தது. கரண்டு கசிந்தால் தானாக ஆஃப் ஆகவேண்டிய சுவிட்சும் கெட்டுக் கிடந்தது.

"இது ஒரு நாளில ஆன கேடில்ல" என்றான் பிரதீஷ். "சத்தம் வந்திருக்கும், நெறம் மாறியிருக்கும், சொட்டியிருக்கும். எத்தனை தடவை சொல்லிப் பாத்திருக்கும் இது! அப்பமே ஏன் என்னை விளிக்கல்ல? அனூஜு இதப் பாத்தா எனக்க கழுத்தப் பிடிப்பான்."

"பிரதீஷண்ணே, அவருட்ட நானே சொல்லிக்கிடுகேன். நீங்க சொல்லண்டாம்" என்றாள் பிரசீதா. அவன் ஸ்க்ரூடிரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தான். தலையை ஆட்டினானா என்று அவள் கவனிக்கவில்லை.

அன்றைக்கே புது ஹீட்டர் வந்தது, புது சுவிட்சும் வந்தது. பழையது மாட்டுத்தொழுவத்தின் பக்கத்தில் பிளாஸ்டிக் சட்டை கழன்று கிடந்தது, கோழிகள் அதன்மேல் ஏறி நின்றன. புதியதில் சிவப்பு விளக்கு எரியும், தண்ணீர் சூடாகும், விளக்கு அணையும். பிரசீதா ஸ்டூலில் ஏறிக் காதை வைத்துப் பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. நல்ல ஹீட்டர், அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மறுநாள் அனூஜ் கூப்பிட்டதும் எடுத்த எடுப்பில் கேட்டான், "இன்னைக்கு என்ன விசேஷம் அதுக்கு? சத்தம் உண்டா?"

மாற்றிவிட்டோம் என்று சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். சொன்னால் நல்லது என்பான். அம்மை எப்படி என்று கேட்பான். செரி அப்பம் என்பான். இத்தனையும் அவள் காதில் முன்கூட்டியே கேட்டுவிட்டது.

"நேத்தப்போலயே உண்டு" என்றாள்.

"கை தரிக்குதா?"

"இல்ல. சத்தியமா இல்ல."

"செரி, போன அதுக்கிட்ட வையி. கேக்கட்டு."

பிரசீதா அடுப்படியைத் திரும்பிப் பார்த்தாள். இரவுக்கான சோறு நேரத்தோடே அடுப்பில் ஏறியிருந்தது. குத்தரிசி, பெரிய பானை. தண்ணீர் கொதித்து, அரிசி அடியிலிருந்து எழும்பி மூடியில் முட்டிக்கொண்டிருந்தது. கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான். அவள் யோசிக்கவில்லை. போனைப் பானையின் பக்கத்தில், அலமாரித் தட்டில் வைத்தாள். அந்தப் பக்கம் அனூஜ் வெகுநேரம் கேட்டான்.

"கொஞ்சம் கூடியிருக்கு" என்றான் பிறகு.

அவளுக்குத் தலை சுற்றியது, சிரிப்பும் வந்தது. அன்றும் சாப்பாட்டு நேரம் முடிகிறவரை பேசினான். அடுத்தடுத்த நாட்களிலும் அரிசி அந்த நேரத்துக்கே அடுப்பில் ஏறியது. "இந்நேரத்துக்கு என்னத்துக்கு நீ சோறு வைக்கா?" என்று சரசம்மா முதல் நாள் மட்டும் கேட்டாள். மறுநாளிலிருந்து கேட்கவில்லை. அரிசியைக் களைந்து, தண்ணீரை அளந்து, அவன் கூப்பிடும் நேரத்துக்குக் கொதி வருகிறபடி தீயைக் கூட்டிக் குறைத்து வைப்பதில் பிரசீதா தேர்ந்துவிட்டாள். இல்லாத கேடுகளையும் சொல்லத் தொடங்கினாள். தண்ணீரில் ஒரு வாடை, மேலே ஒரு ஈரம். அவன் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னான், பொறுமையாக, முன்பு சொன்னதையே வேறுமாதிரி சொன்னான். பிரதீஷ் வந்தானா என்று மட்டும் கேட்பதை விட்டிருந்தான். அதை அவள் பிறகுதான் யோசித்துப் பார்த்தாள்.

அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. சரசம்மா முன்னறையில் தூங்கிவிட்டாள். அனூஜ் கூப்பிட்டான், போனை வைக்கச் சொன்னான், அவள் அலமாரித் தட்டில் வைத்தாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். பானையில் சத்தம் மாறியது. உருண்டு முட்டிக்கொண்டிருந்தது தடித்து, பொதுக் பொதுக்கென்று ஆனது. வெளியே தொழுவத்தில் பசு ஒரு தடவை கத்தியது. அடுப்படிக் கூரையில் முதல் மழைத்துளிகள் விழுந்தன.

"பிரசீ."

"ம்."

"சோறு வெந்தாச்சு. வடி."

அவள் கையில் அகப்பையோடு அப்படியே நின்றாள். காது இரண்டும் சுட்டது.

"மாத்தின அன்னைக்கே பிரதீஷு விளிச்சுச் சொல்லிட்டான்" என்றான் அனூஜ். குரலில் கோபமில்லை. "அம்மைக்கு கை தரிச்சதையும் சொன்னான். எனக்கு அன்னைக்கு சோறு எறங்கல்ல."

"எல்லாம் அறிஞ்சிட்டுத்தானா தினமும் கேட்டிய?"

அந்தப் பக்கம் யாரோ சுவரைத் துளைக்கிற சத்தம். யாரோ இந்தியில் எதையோ கூவிக் கேட்டார்கள்.

"முதல் நாளே தெரிஞ்சுபோச்சு, அது நம்ம பெரிய பானைன்னு" என்றான். "மூடி ஒரு பக்கம் நெளிஞ்சது, அது ஆடுத சத்தம் வேற. நான் சின்னப்பிள்ளையில கீழ போட்டு நெளிச்சதாக்கும். வேற என்னத்தக் கேக்க பிரசீ? கேக்கட்டுன்னு சொன்னா நீ கொண்டுபோய் வைப்பா. இங்க இருந்தே வீடு கேக்கும். அம்மை இருமுவா, பசு விளிக்கும். இந்தா, மழையும் கேக்குது."

பிரசீதா அகப்பையைக் கீழே வைத்தாள். விஷுவிலிருந்து அடக்கி வைத்திருந்தது, அவள் நினைப்பதற்கு முன்னால் வெளியே வந்துவிட்டது.

"எப்பம் வாறிய?"

 துளைக்கிற சத்தம் நின்றது. அவன் மூச்சு விடுவது கேட்டது.

"கொழஞ்சிரும்" என்றான். "வடிச்சிட்டு வந்து கேளு. நான் போன வைக்கமாட்டேன்."

அவள் போனை உப்பு ஜாடியில் சாய்த்துவைத்தாள். சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பானையின் கழுத்தைப் பிடித்து இறக்கினாள். நெளிந்த மூடியை விரலால் அமுக்கிக்கொண்டு சாய்த்தாள். கஞ்சித் தண்ணீர் சட்டிக்குள் நீளமாக, நிற்காமல் விழுந்தது. ஆவி எழும்பிப் போனின் கண்ணாடியை மூடியது. அதற்கு அடியில் அவன் பெயர் மங்கலாகத் தெரிந்தது, பக்கத்தில் வினாடிகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டிருந்தன.